வெற்றுக் குழாய்

முதலில் ஒன்றுமில்லாததை அளக்க வேண்டும்.
ஊதுபத்திக் குச்சி பருமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாயில்
வடித்த நீரை மட்டும் நிரப்பி
எக்ஸ் கதிரின் வழியில் நிறுத்தி
ஒரு மணி நேரம்.

அந்த நேரத்தில் பார்வதிபுரம் முக்குக்குப் போய்
ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம்.
நான் போவதில்லை.
பம்ப் இரைகிறது.
ஆரல்வாய்மொழிக் காற்று ஜன்னல் தகரத்தை அசைக்கிறது.
கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து
ஒன்றுமில்லாதது.

இந்த அறையில் துகளை யாரும் பார்த்ததில்லை.
அதில் பட்டுச் சிதறிய கதிர்
திரையில் விழும் வட்டங்களைப் பார்க்கிறோம்.
பெரியது நடுவை ஒட்டி விழும்
சிறியது தூரப்போய் விழும்
எல்லாம் தலைகீழ்க் கணக்கு.
நேர்க்கதிர் திரையைச் சுட்டுவிடாதிருக்க
நட்டநடுவில் ஒரு ஈயப் பொட்டு.
நான் கேட்க வந்ததில் பாதி
அந்தப் பொட்டுக்குப் பின்னால்.

துகள் எங்கள் கரை மணல்தான்.
மணவாளக்குறிச்சிக் கருமணலில்
காந்தத்துக்கு ஓடிவந்ததை அமிலத்தில் கரைத்து
இரும்பை மட்டும் பிரித்து
இருபது நானோமீட்டரில் உருண்டையாக்கி
மேலே சிலிக்காவில் ஒரு சட்டை.
சட்டை எவ்வளவு கனம்?
அவ்வளவுதான் என் ஆராய்ச்சி, மூன்று வருடமாக.

இரண்டு, என்றது வளைகோடு.
மறுநாள் ஒன்றரை.
ஆடி மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை
மைனஸ் பூஜ்யம் புள்ளி நான்கு.
"மைனஸ்ல சட்டையா? தைச்சவனத் தேடணும்"
என்றார் லிகோரி,
குளச்சலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து
குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவர்.

அவர்தான் டியூப்லைட்டுக்கு நேரே அதைப் பிடித்தார்.
"பெல்சி மிஸ், இதையா வெறுங்குழாய்னு சொன்னிய?
ஒரு செம்மண் நெறம் கெடக்கு பாருங்க."

கிடந்தது.
மார்ச்சில் நான் செய்த முதல் துகள்கள்,
சட்டை தைப்பதற்கு முந்தையவை.
சட்டை போட்டவை கண்ணாடியில் வழுக்கிப் போய்விடும்.
வெற்றுடம்பு ஒட்டிக்கொள்ளும்.
ஐந்து மாதமாக
ஒன்றுமில்லை என்று பெயரெழுதி
அவற்றைத்தான் கழித்துக்கொண்டிருந்தேன்
ஒவ்வொன்றிலிருந்தும்.

அன்று ராத்திரி வேறொன்று நினைவுக்கு வந்தது.
ஜூனில் ஒருநாள்
நெஞ்சில் குத்தும் கதிர்ப்பட்டையைக் கழற்ற மறந்து
பெரியவிளை வீட்டுக்குப் போய்விட்டேன்.
ஒன்பது நாள் ஆணியில் தொங்கியது,
ஜெபமாலைக்குப் பக்கத்தில்.
அறிக்கை வந்தபோது
இயந்திரத்தின் முன் நின்ற மாதங்களைவிட
ஆணியில் தொங்கிய நாட்களுக்கு எண் கூடுதல்.
பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.
எந்த ஊர் என்றார்.
சொன்னேன்.
ஓ, என்று சிரித்து
பச்சை மையில் 'பின்னணி' என்று எழுதினார்.
கழித்ததும் என் பங்கு பூஜ்யம்.

நான் நடை பழகிய மணல் அது.
அம்மா நெத்திலி உலர்த்தும் மணல்.
அன்று எனக்கு அது சரியான கணக்காகத்தான் பட்டது.

புதுக் குழாய் வாங்க ஒரு மாதம்.
புதிய நீர், மறுபடியும் ஒரு மணி நேரம்.
இந்த முறை முக்குக்குப் போய்
இரண்டு பேரும் சாயா குடித்தோம்,
லிகோரி காசு கொடுக்க விடவில்லை.

சட்டையின் கனம் மூன்றரை.
ஆனால் உருண்டையைக் கொஞ்சம் சிறிதாக்கி
சட்டையை நாலரை என்று வைத்தாலும்
கோடு அதே புள்ளிகளின் மேல் படிகிறது,
அதே பள்ளங்கள், அதே இடத்தில்.
இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.
நெறியாளர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்.

"இத என்ன செய்யட்டும்?" என்று
பழைய குழாயை நீட்டினார் லிகோரி.
என் கையெழுத்தில் 'வெற்று' என்ற ஒட்டுத்தாள்
ஓரம் சுருண்டிருந்தது.
வாங்கி மேஜையறைக்குள் வைத்தேன்.
ஒட்டுத்தாளை மாற்றவில்லை.